அடுத்த வீட்டுச் சூடு

நார்மா என்ட்விசிலிடம் யார் போய் "வீடு கதகதப்பா இருக்கா?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அருமையா இருக்கு, கண்ணு." சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி பூத்திருக்கும் டிசம்பரில் கேட்டாலும் அதே பதில்தான். வட இங்கிலாந்தில், அக்ரிங்டனில், ஆல்மா தெருவில் வளர்ந்த எவரும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு குளிர்கிறது என்று ஒப்புக்கொள்வதும் அழுக்குச் சட்டையோடு தேவாலயத்துக்குப் போவதும் அங்கே ஒன்றுதான். குளிர்ந்தால் இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு டீ. வீட்டைச் சூடாக்கும் பாய்லரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அறை சுமாராக ஆனதும் நிறுத்திவிட வேண்டும். தூங்கும்போது பாய்லரை ஓடவிடுகிறவன் அந்தத் தெருவில் குடிகாரனைவிட ஒரு படி கீழே.

இந்தச் சட்டத்தில் நார்மா ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தாள். அது அவள் கணவர் கிளிஃபர்ட். ஆள் செங்கல் சூளையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஊருக்கெல்லாம் செங்கல்லைக் கொடுத்துவிட்டு அதன் தூளை மட்டும் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டவர். மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு முறை நின்று, சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வார். இத்தனைக்கும் அந்தச் சுவரில் படமே கிடையாது.

ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா நார்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இவருக்குக் குளிர் மட்டும் படக்கூடாதும்மா. இன்னொரு தடவை நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நார்மாவுக்கு ஒரே வேலைதான். முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், கிளிஃபர்டின் நாற்காலி இருக்கும் அந்த மூலை சூடாக இருக்க வேண்டும். உலகத்தில் மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

அந்த மூலையைச் சூடாக வைத்திருந்தது ஒரு பழைய பாய்லர். முன்னறைக் கணப்பின் பின்னால், புகைபோக்கிக்குள் செருகி உட்கார வைத்த இரும்புக் கட்டி அது. முன்னால் எரிவாயுக் கணப்பு, பின்னால் பாய்லர், மாடி அலமாரிக்குள் செம்புத் தொட்டி. அந்த அலமாரியில்தான் நார்மா கிளிஃபர்டின் பனியன்களை அடுக்கி வைப்பாள். காலையில் எடுத்துக் கொடுத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி போல வெதுவெதுப்பாக இருக்கும். பாய்லரை நான் ரொம்பவும் புகழ மாட்டேன். முக்கும், முனகும், பற்றவைக்கும்போதெல்லாம் 'டம்' என்று ஒரு அதிர்ச்சி கொடுக்கும். தின்ற எரிவாயுவில் கால்வாசிக்கு மேல் புகைபோக்கி வழியாக வானத்துக்கு வார்த்துவிடும். ஆனால் மகள் லொரெய்ன் தொட்டிலில் கிடந்த காலத்தில் உள்ளே போன அந்த இரும்பு, அவள் கல்யாணமாகித் தெற்கே டெவன் பக்கம் குடிபோய், அவள் பிள்ளைகளும் வேலைக்குப் போன பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

அதை மாற்றப் போவதாக, வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த சங்கத்திலிருந்து ஆள் வந்தான். தெரு முழுக்கப் புது பாய்லராம். செலவு மிச்சம், புகை கம்மி, சமையலறைச் சுவரில் அலமாரி மாதிரி அழகாகத் தொங்குமாம். நார்மா மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். பழையது நின்றுபோனால் கிளிஃபர்டின் கதி என்ன என்ற பயம் அவளுக்கு நெடுநாளாக இருந்தது. புதியது என்றால் பயமில்லை என்று நம்பினாள். யார்தான் நம்பமாட்டார்கள்?

பக்கத்து வீட்டு ஃபிலிஸ் ஆர்மரோட் மட்டும் நம்பவில்லை. அவள் நார்மாவைவிடப் பத்து வயது மூத்தவள், தனிக்கட்டை. வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அது நல்லாத்தானே ஓடுது? என்னைத் தூக்கிட்டுப் போறப்ப அதையும் சேத்துத் தூக்குங்க. அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

புதியதை மாட்ட வந்த நாளன்று இரண்டு தடியர்கள் பழைய பாய்லரைப் புகைபோக்கியிலிருந்து பெயர்த்தார்கள். திட்டிக்கொண்டே பெயர்த்தார்கள், திட்டிக்கொண்டே தூக்கினார்கள். முன்னறைக் கம்பளத்தில் கரி கொட்டியது. கிளிஃபர்ட் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏம்ப்பா, அதுக்கு என்ன கேடு?" என்று கேட்டார்.

"ஒரு கேடும் இல்ல பெரியவரே. இது வெறும் இரும்பு. கெட்டுப்போறதுக்கு இதுல என்ன இருக்கு? இன்னும் நம்ம பேரன் காலம் வரைக்கும் எரியும்."

"அப்ப புதுசு?"

"அதுல மூளை இருக்கு. மூளைன்னு ஒண்ணு இருந்தா எப்ப வேணாலும் குழம்பும். கவனமாப் பாத்துக்கிட்டா ஒரு பத்து வருஷம் வரும்."

"பத்து வருஷமா!" கிளிஃபர்ட் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓயும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "பத்து போதும்ப்பா. என் கணக்கு அதுக்குள்ள முடிஞ்சுரும்."

அந்தத் தெருக் கிழவர்கள் எல்லோருமே புதிதாக எதை வாங்கினாலும் சொல்கிற வேடிக்கைதான் அது. கோட்டு வாங்கினாலும் சொல்வார்கள், கட்டில் வாங்கினாலும் சொல்வார்கள். நார்மாவுக்கு மட்டும் அன்று அது பிடிக்கவில்லை. "வாயை மூடிட்டு டீயைக் குடி" என்றாள்.

கணப்பு இருந்த குழியில் ஒரு மின்சாரக் கணப்பை வைத்துவிட்டுப் போனார்கள். சிவப்பு விளக்குக்கு முன்னால் காகிதம் ஆடி நெருப்பு மாதிரி காட்டும், சூடு பேருக்குத்தான். தொட்டியையும் எடுத்துப் போய்விட்டதால் மாடி அலமாரி வெறும் அலமாரியானது. பனியன்கள் சில்லிட்டன. ஆனாலும் குழாயைத் திறந்த கணத்தில் சுடுதண்ணீர் கொட்டியபோது நார்மா சிறு பெண்ணாகிவிட்டாள். அந்த வாரம் முழுக்கத் தம்பட்டம்தான். பின்கட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து ஃபிலிஸை வம்புக்கு இழுத்தாள்.

"தொட்டி சுடுற வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம் ஃபிலிஸ். திறந்தாக் கொட்டுது. நீ கற்காலத்துலயே இரு!"

"கற்காலத்துல கதகதப்பாத்தான் இருக்கேன்" என்றாள் ஃபிலிஸ்.

"கதகதப்பா இருக்குறது நீ இல்ல, புகைபோக்கியில உக்காந்திருக்குற காக்கா!"

ஃபிலிஸ் துணியை உதறிப் போட்டாள். அந்த வாயை நார்மா அன்றே அடக்கியிருக்கலாம்.

அக்டோபரில் ஒருநாள் கிளிஃபர்ட் தன் மூலையில் உட்கார்ந்துகொண்டு புகைபோக்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நார்மா, இங்க வாயேன். சுவர் சுடுது."

"நம்ம பாய்லர்தான் சமையக்கட்டுக்குப் போயிருச்சே. இங்க எப்படிச் சுடும்?"

"அதான் சொல்றேன். நம்மது இல்ல. இது ஃபிலிஸோடது."

ஆல்மா தெருவில் வீடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் முதுகோடு முதுகாக ஒரே சுவரில் ஏறும். ஃபிலிஸின் பழைய இரும்பு வீணடித்த சூடு செங்கல்லில் ஊறி இந்தப் பக்கம் வந்தது. இவர்களுடைய பழையதும் இத்தனை வருடம் அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும், யார் கண்டது! புதியது ரொம்பச் சமர்த்து. வெளியேறும் புகையிலிருந்துகூடச் சூட்டைப் பிழிந்து எடுத்துவிடும். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. கிளிஃபர்ட் நாற்காலியை அரை அடி தள்ளி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராத" என்றாள் நார்மா.

டிசம்பர் பிறந்ததும் அந்த வருடம் பிடித்த குளிர் யாரும் கண்டிராதது. பின்கட்டில் காயப் போட்ட துண்டு பலகையாக நின்றது. ஒருநாள் காலை நார்மா பாய்லரைப் போட்டாள். அது களகளவென்று தொண்டையைச் செருமியது, ஒரு சிவப்பு விளக்கைச் சிமிட்டியது, அணைந்தது. திரும்பப் போட்டாள். திரும்பச் செருமியது, சிமிட்டியது, அணைந்தது.

சங்கத்துக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்டது. வெகுநேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். "ஊர் முழுக்க இதேதாங்க. புகையில இருக்கற ஈரத்தை அது தண்ணியாக்கி வெளிய விடும். அந்தத் தண்ணி போற பிளாஸ்டிக் குழாய் உறைஞ்சிருக்கும். குழாய் அடைச்சா பாய்லர் தானா நின்னுரும். ஆள் அனுப்ப நாளாகும். வீட்டுல வயசானவங்க, சீக்காளிங்க யாராவது இருக்காங்களா?"

கேள்வி நேராகத்தான் வந்தது. நார்மாவும் வாயைத் திறந்தாள். ஆனால் நாற்காலியிலிருந்து கிளிஃபர்ட் கையை ஆட்டி, "நம்மளைவிட மோசமானவங்க இருப்பாங்க, அவங்களுக்கு மொதல்ல போகட்டும்" என்றார். நார்மாவும், "இல்ல கண்ணு, நாங்க சமாளிச்சுக்குவோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு அது. வரிசையில் தனக்கு முன்னால் எப்போதும் யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவன் நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள். தாங்களே அந்த ஜீவன் என்பது உறைக்கவே உறைக்காது.

அவள் கெண்டியில் தண்ணீர் சுட வைத்து, பின்கட்டுக்குப் போய், சுவரை ஒட்டி இறங்கும் அந்த மெல்லிய குழாயின் மேல் ஊற்றினாள். உள்ளே பனி இளகியது. பாய்லர் ஓடியது. அறை சுமாரானதும் வழக்கம்போல நிறுத்தினாள். கிளிஃபர்ட் இருமினால் போடுவாள், இருமல் நின்றால் நிறுத்துவாள். அப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தியதில்தான் சொட்டுச் சொட்டாக வடிந்த தண்ணீர் குழாயிலேயே நின்று மறுபடி உறைந்தது. இதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. மறுநாள் காலையிலும் கெண்டி, சாயங்காலமும் கெண்டி.

பின்கட்டுச் சுவருக்கு அப்பால் ஃபிலிஸின் தலை தெரிந்தது. "என் வீடு அடுப்பாட்டம் கொதிக்குது. உன் புதுசு எப்படி ஓடுது?"

நார்மா கெண்டியைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள். "அருமையா இருக்கு ஃபிலிஸ்."

அன்று சாயங்காலம் கிளிஃபர்ட், கோட்டும் தொப்பியும் போட்டு, இரண்டு போர்வைக்குள் கிடந்தபடி கேட்டார். "ஃபிலிஸ் வீட்டுல போய்க் கொஞ்சம் உக்காந்துட்டு வரலாமா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? காக்கான்னு சொன்னேனே!"

"அவ அதை மறந்திருப்பா."

"அவளா? கல்யாணத்துக்கு முந்தி நான் வாங்கின கைமாத்துக் கோதுமை மாவையே இன்னும் மறக்கல."

கிளிஃபர்ட் சிரித்துவிட்டார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. முதுகை நகர்த்தி இன்னும் நெருக்கமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். டெவனிலிருந்து லொரெய்ன் கூப்பிட்டு, அங்கேயும் பனி என்றாள், அப்பா எப்படி இருக்கிறார், வீடு கதகதப்பாக இருக்கிறதா என்றாள். என்ன பதில் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நார்மா ஊற்றிய தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? பின்கட்டுக் கல் தரையில் வழிந்து, கண்ணாடியாக உறைந்தது. அவள் உப்புத் தூவினாள். உப்பு தீர்ந்தது. உப்பும் ரொட்டியும் வாங்கக் கடைக்குப் போனாள். போகும்போது பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. போன பிறகு நின்றது.

கிளிஃபர்ட் என்ன நினைத்தாரோ. வந்ததும் அவள் மறுபடி கெண்டியைத் தூக்க வேண்டாமே என்று நினைத்திருக்கலாம். ஒருநாளாவது தானும் வீட்டுக்கு உபயோகமாக இருப்போம் என்று நினைத்திருக்கலாம். தண்ணீரைச் சுட வைத்தார், செருப்போடு பின்கட்டுக்கு இறங்கினார், அவள் ஊற்றி உறைந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தார். ஃபிலிஸ்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். நார்மா உப்புப் பையோடு திரும்பியபோது அவர் தரையில் கிடந்தபடியே, "கெண்டி உடையல" என்றார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வார்டு வெந்துபோகிற மாதிரி சூடு. கிளிஃபர்ட் போர்வையை உதைத்துத் தள்ளினார். "இங்க கேஸ் பில்லு யாருடி கட்டறா?" என்று நார்மாவின் காதில் கேட்டார். அவள் சிரித்தாள். வெளியே வந்து, கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள். டாக்டரம்மா சொன்னபடியேதான் நடந்தது. நெஞ்சில் சளி கட்டியது, அவர்களால் ஒன்றும் பண்ண முடியவில்லை. புது வருடத்தைக் கிளிஃபர்ட் பார்க்கவில்லை. பத்து வருடம் வரும் என்ற பாய்லர் அவரோடு ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகக் கழிக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சங்கத்து ஆள் வந்தான். குழாய்க்கு ஒரு பஞ்சு உறையைச் சுற்றினான், பட்டையை ஒட்டினான். நார்மா அவனுக்கு வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "இனி பிரச்சினை இருக்காதும்மா" என்றான். உண்மைதான். அதன் பிறகு அது ஒருநாளும் நிற்கவில்லை. அதற்காகவே நார்மா அதை வெறுத்தாள்.

ஃபிலிஸ் மாவுக்குள் இறைச்சி வைத்து ஒரு பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். "ஏன்டி என் கதவைத் தட்டல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் என் வீட்டுலயே வச்சிருந்திருப்பேனே."

"நான் கெண்டிய வச்சுக்கிட்டு நின்னதை நீ பாத்தியா இல்லயா?"

"பாத்தேன்."

"அப்ப நீ ஏன் கூப்பிடல?"

ஃபிலிஸ் பலகாரத்தை மேசையில் வைத்தாள். "நீ ஒளிச்சியே" என்றாள். "ஒளிக்கிறவளப் போயி எப்படிக் கூப்பிடுறது?"

பலகாரம் ஆறிப் போயிற்று. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

மறு வருடம் குளிர் தொடங்குமுன் எரிவாயுச் சோதனைக்கு வந்தவன் ஃபிலிஸின் பழைய இரும்பைத் தட்டிப் பார்த்தான், புகை அறைக்குள் கசிகிறது என்றான், தூங்கினபடியே சாக வேண்டியதுதான் என்றான். மாற்றிப் போடப் பாகம் கிடையாது, செய்வதை நிறுத்தி வெகுகாலமாயிற்று. சிவப்புச் சீட்டை ஒட்டி, எரிவாயுவை மூடிவிட்டுப் போய்விட்டான். புதியது கிறிஸ்துமஸ் முடிந்து வருமாம். வீட்டில் முடியாதவர்கள் யாராவது உண்டா என்று அவனும் கேட்டிருப்பான். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரிந்ததுதான்.

இது எதுவும் நார்மாவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிளிஃபர்டின் நாற்காலியைத் துடைத்துவிட்டு நிமிரும்போது சுவரில் கை ஊன்றினாள். சுவர் சில்லிட்டிருந்தது. கையை மாற்றி மாற்றி மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடாத குறையாகப் போய் ஃபிலிஸின் பின்கதவைத் தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஃபிலிஸ் கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டிருந்தாள். அவள் மூச்சு வீட்டுக்குள்ளிருந்து புகையாக வந்தது.

"வீடு கதகதப்பா இருக்கா ஃபிலிஸ்?"

"அருமையா இருக்கு, கண்ணு. கடைக்குக் கெளம்பிட்டிருந்தேன்."

கடை மூடி வெகுநேரமாயிருந்தது. இரண்டு பேருக்குமே அது தெரியும்.

"நம்ம வீட்டுக்கு வாயேன். ஒரு டீ குடிக்கலாம். தனியா உக்காந்திருக்கப் பிடிக்கல."

"இன்னொரு நாள் வர்றேன்."

"ஃபிலிஸ், சுவரு..." என்று தொடங்கினாள் நார்மா. ஃபிலிஸின் முகத்தைப் பார்த்தாள். கெண்டியைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்" என்றாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பாய்லரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினாள். காகித நெருப்பு ஆடும் அந்த மின்சாரக் கணப்பை இழுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். படுக்கிற நேரமானபோதும் ஒன்றையும் அணைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டில் படுக்கும் நேரத்துக்குப் பிறகும் பாய்லர் ஓடியது. சுவர் இந்தப் பக்கம் சுட்டது. அந்தப் பக்கம் எப்படி என்று தெரியவில்லை. நம்ம ஊர்ச் செங்கல் சூட்டை லேசில் விடாது என்று கிளிஃபர்ட் பெருமையாகச் சொல்வார். கிளிஃபர்டின் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் காதை வைத்துக் கேட்டாள்.

அந்தப் பக்கம் ஃபிலிஸ் இருமிக்கொண்டிருந்தாள்.